ஒரு கணக்கு, நான்கு விலாசங்கள்: இணையத்தில் கேம் வாங்கப்போய் சிக்கிய களியக்காவிளைக் குடும்பம் பற்றிய நிகழ்வு ஆய்வு

மார்த்தாண்டத்தில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதும் கடைக்காரர்களின் வரவு செலவு பார்ப்பதும் எங்கள் அன்றாடம். 2025 மே மாதம் வந்த இந்த விவகாரத்தில் தொகை சிறியது. ஆனால் வளைகுடாவில் ஒருவர் சம்பாதிக்க மற்றவர்கள் இங்கே இருக்கும் வீடுகளில் இதே சிக்கல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதனால் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு எழுதி வைக்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டிருக்கிறேன். கடையின் பெயரும் வங்கியின் பெயரும் இங்கே வராது.

பின்னணி

குடும்பம் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. அப்பா பல வருடம் சவுதி அரேபியாவில் தம்மாம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். அம்மா பிறந்த வீடு எல்லை தாண்டி கேரளத்தில், பாறசாலையில். மகன் பொறியியல் கல்லூரியில் படிக்கிறான், வயது 19. மகள் பள்ளியில்.

2019-இல் லீவுக்கு வந்த அப்பா, மகனுக்காக ஒரு பெரிய வெளிநாட்டு இணையக் கடையில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தார். டிஸ்க் வராது, பணம் கட்டியதும் கேம் கம்ப்யூட்டரில் இறங்கிவிடும் வகைக் கடை. கணக்கு அப்பா பெயரில். கார்டு சவுதி வங்கியுடையது, பில்லிங் அட்ரஸ் தம்மாம், போன் நம்பரும் சவுதி நம்பர். அப்போது அது உண்மையான விலாசம்தான். பணம் கொடுத்தவர் அங்கேதான் இருந்தார்.

2025 ஜனவரியில் அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். மார்ச்சில் சவுதி கார்டு காலாவதியானது. சவுதி சிம்மும் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போனது. கேம் கணக்கைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. கம்ப்யூட்டரில் அது எப்போதும் லாகின் ஆகியே இருந்ததால் யோசிக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

இன்னொரு விஷயமும் இதில் சேர்கிறது. அம்மாவின் வங்கிக் கணக்கு பாறசாலைக் கிளையில், கல்யாணத்துக்கு முன்பே தொடங்கியது. வங்கிப் பதிவில் இன்றும் பிறந்த வீட்டு விலாசம்தான், 695-இல் தொடங்கும் பின்கோடு. இவர்கள் குடியிருக்கும் வீட்டின் பின்கோடு 629-இல் தொடங்குகிறது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் சிட்டி (சீட்டு) போடுவதும் இரண்டு பக்கமும் இன்றுவரை நடக்கிறது. ஆகவே வங்கியில் கேரள விலாசம் இருப்பது இங்கே யாருக்கும் விசேஷமாகத் தெரியாது.

நடந்தது

மே மாதம் மகன் ஒரு புது கேம் வாங்க நினைத்தான். கணக்கு சவுதி என்றே இருந்ததால் விலை ரியாலில் வந்தது: 149 ரியால், வரி சேர்த்து. கடைக் கணக்கின் வாலட்டில் இருந்த மீதிப் பணம் நாற்பது ரியால் சொச்சம், போதாது. அம்மாவின் டெபிட் கார்டைப் போட்டான். மறுக்கப்பட்டது. மறுபடி போட்டான், மறுபடியும் மறுப்பு.

காரணம் எளிது. ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி புதிதாக வழங்கப்படும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும் வேலை செய்யும் நிலையில்தான் கைக்கு வரும். ஆன்லைன் உபயோகத்தையும் வெளிநாட்டு உபயோகத்தையும் நாமே திறந்துவிட வேண்டும். மகன் அம்மாவின் போனில் வங்கி ஆப்பைத் திறந்து இரண்டையும் ஆன் செய்தான். அம்மாவிடம் சொல்லவில்லை. பிறகு போட்டபோது வங்கி தடுக்கவில்லை, கடை தடுத்தது. சவுதிக் கணக்கில் இந்தியக் கார்டு.

அப்புறம்தான் நண்பன் ஒருவனின் யோசனை வந்தது. அமெரிக்காவில் ஆரிகான் மாநிலத்தில் விற்பனை வரியே கிடையாது, அந்த விலாசம் போட்டால் வரி இல்லாமல் வாங்கலாம் என்றான். வேறு நாட்டிலிருந்து இணைவதுபோல் காட்டும் வி.பி.என் போட்டு, அங்குள்ள போர்ட்லாந்து நகரத்தில் ஏதோ ஒரு தெருவின் பெயரையும் அந்த ஊர் ஜிப் கோடையும் அடித்தார்கள். திரையில் விலை 39.99 டாலர், வரி பூஜ்யம் என்று காட்டியது. பணம் கட்டும் பட்டனை அழுத்தினான். ஓடிபி கேட்கவில்லை. சில வினாடிகளில் ஆர்டர் ரத்து. கொஞ்ச நேரத்தில், வழக்கத்துக்கு மாறான செயல்பாடு காரணமாகக் கணக்கில் வாங்கும் வசதி நிறுத்தப்பட்டது என்று மெயில் வந்தது.

அதே நேரம் அம்மாவின் போனுக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம் ரூபாய் பற்று.

எங்களிடம் வந்தபோது

மறுநாள் அம்மாவும் மகனும் அலுவலகத்துக்கு வந்தார்கள். அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்: “உள்ளதச் சொல்லுங்க சார், இவன் ரம்மியிலயா காச விட்டான்?” பக்கத்து வீட்டில் யாரோ, ஆன்லைன் கேமுக்கு 28 சதவீத வரி, போலீஸ் கேஸ் வரும் என்று பயமுறுத்தியிருந்தார்கள்.

அந்தப் பயத்தை முதலில் தீர்க்க வேண்டியிருந்தது. பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள் வேறு. 2023 அக்டோபர் 1 முதல் அவற்றில் கட்டும் தொகைக்கு 28 சதவீத ஜிஎஸ்டி என்றிருந்தது. தமிழ்நாட்டில் அவற்றுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. காசு கொடுத்து ஒரு கேமை வாங்கி வீட்டில் விளையாடுவது அதில் வராது. அது வெளிநாட்டிலிருந்து இணையம் வழியே பெறும் சேவை, ஜிஎஸ்டி 18 சதவீதம். இதைக் கேட்ட பிறகுதான் அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மகனைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டே பேசியிருந்தால் அவனிடமிருந்து உண்மை விவரம் ஒன்றும் வந்திருக்காது. போர்ட்லாந்து விலாசத்தைப் பற்றி அவனே வாய்திறந்து சொன்னது இதற்குப் பின்தான்.

பார்த்ததும் புரிந்துகொண்டதும்

கணக்கின் பழைய ரசீதுகளை மெயிலில் தேடி எடுத்தோம். 2020 ஜூன் வரை வந்தவற்றில் சவுதி வாட் வரி 5 சதவீதம், ஜூலை 1-க்குப் பிறகு வந்தவற்றில் 15 சதவீதம். சவுதியில் அந்தத் தேதியில்தான் வரி மும்மடங்கானது. இந்த வீட்டில் அது யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை. விலைக்குள் வரி அடங்கியிருந்ததால் ரசீதைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். மகன் வாங்க நினைத்த 149 ரியாலுக்குள் 19 ரியால் 43 ஹலாலா வரி.

வாங்குபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைக் கடை எப்படி முடிவு செய்கிறது? இந்தியச் சட்டத்தில் இதற்கு விடை எழுதியே இருக்கிறது. ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 13-ஆம் பிரிவில், 12-ஆம் உட்பிரிவு. ஏழு அடையாளங்கள் அதில் உண்டு: இணையத்தில் நாம் கொடுக்கும் விலாசம், பணம் கட்டும் கார்டு எந்த நாட்டில் வழங்கப்பட்டது, பில்லிங் அட்ரஸ், கம்ப்யூட்டர் எங்கிருந்து இணைகிறது என்று காட்டும் ஐபி முகவரி, பணம் கட்டப் பயன்படும் நம் வங்கிக் கணக்கு இருக்கும் இடம், சிம் கார்டின் நாட்டுக் குறியீடு, லேண்ட்லைன் இருக்கும் இடம். இவற்றில் ஒன்றுக்கொன்று முரண்படாத ஏதாவது இரண்டு இந்தியாவைக் காட்டினால் வாங்குபவர் இந்தியாவில் இருக்கிறார் என்று கொள்ளப்படும். பல நாடுகளும் ஏறக்குறைய இதே மாதிரித்தான் பார்க்கின்றன.

இப்போது அந்தக் கணக்கைக் கடையின் பக்கமிருந்து பாருங்கள். கணக்கின் நாடு சவுதி, சிம் சவுதி, கார்டு இந்தியா, விலாசம் அமெரிக்கா, ஐபி ஒரு நாள் இந்தியா, மறுநாள் அமெரிக்கா. திருட்டுக் கார்டு வைத்திருப்பவனின் கணக்கும் இப்படித்தான் இருக்கும். கடை தடுத்ததில் எனக்குக் கோபமில்லை. என் பணமாக இருந்தால் அப்படித் தடுக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புவேன்.

ஆரிகான் யோசனையையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது பாதி உண்மை. அமெரிக்காவில் விலைப்பட்டியலில் வரி இருக்காது, பணம் கட்டும் இடத்தில் விலாசத்தைப் பார்த்துச் சேர்ப்பார்கள். மாநிலத்துக்கு மாநிலம் விகிதம் வேறு. டெக்சாஸில் மாநில வரி 6.25 சதவீதம், உள்ளூர் வரியும் சேர்ந்தால் 8.25 வரை போகும். ஆரிகான், மான்டானா, நியூ ஹாம்ப்ஷயர், டெலவேர் ஆகியவற்றில் பொதுவான விற்பனை வரி இல்லை. 2018 ஜூன் 21-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தெற்கு டகோட்டா மாநிலத்துக்கும் வேஃபேர் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், மாநிலத்துக்குள் கடையோ குடோனோ இல்லாத விற்பனையாளரும் வரி வசூலிக்க வேண்டும் என்று மாநிலம் கேட்கலாம் எனத் தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து இணையக் கடைகள் விலாசத்தில் இன்னும் கண்டிப்பாகிவிட்டன.

பையன்கள் விட்டுவிட்ட பாதி, கார்டு. கார்டு எண்ணின் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்களைப் பார்த்தாலே எந்த நாட்டு எந்த வங்கி என்று தெரிந்துவிடும். அதோடு, அமெரிக்காவில் நாம் அடிக்கும் வீட்டு எண்ணையும் ஜிப் கோடையும் வங்கிப் பதிவோடு ஒப்பிடும் முறை உண்டு. பாறசாலைக் கிளையின் கார்டுக்கு அங்கே ஒப்பிட எதுவும் இல்லை.

விலையையும் பார்த்தோம். அதே கேம் இந்தியக் கடைப் பக்கத்தில் 1,999 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து. வரியே இல்லாத ஆரிகான் விலை ரூபாயில் மூவாயிரத்து நானூறுக்கு மேல், சவுதி விலையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அம்மாவின் வங்கி டாலர் செலவுக்கு 3.5 சதவீதம் கட்டணமும் அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுக்கும், அதாவது மொத்தம் 4.13 சதவீதம் கூடுதல். இருக்கும் ஊரை உள்ளபடி சொல்லியிருந்தால்தான் அவனுக்கு மிகக் குறைந்த விலை கிடைத்திருக்கும். இதை மகன் தானே காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தான்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, இனி எந்தக் கார்டையும் போடக்கூடாது, வி.பி.என் கூடாது. ஒவ்வொரு முயற்சியும் கணக்கில் முரணான இன்னொரு தடயத்தைச் சேர்க்கும். வெளிநாட்டு உபயோகத்தை வங்கி ஆப்பில் அம்மாவே அணைத்தார்.

இரண்டாவது, வங்கியில் புகார் எழுத வேண்டாம் என்பது. இதில்தான் அதிக நேரம் பேசினோம். இது நாங்கள் செய்த பரிவர்த்தனை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் பணம் சீக்கிரம் வரும் என்று உறவினர் ஒருவர் சொல்லியிருந்தார். நான் வேண்டாம் என்றேன். செய்தது மகன்தான், அப்படி எழுதுவது பொய். வங்கி அந்தப் புகாரைக் கடைக்கு அனுப்பினால் கடை கணக்கையே மூடிவிடக்கூடும், ஆறு வருடமாக வாங்கியதெல்லாம் போய்விடும். அதோடு, பணம் கடைக்கே போய்ச் சேரவில்லை. கிளையில் கேட்டபோது, லீன் போட்டு, அதாவது எடுக்க முடியாதபடி கணக்கிலேயே தடுத்து, நிறுத்தியிருக்கிறது, கடை கேட்காவிட்டால் தானே விடுபடும் என்றார்கள். தோல்வியடைந்த ஆன்லைன் கார்டு பரிவர்த்தனைக்கு ஐந்து நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் என்ற ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதி இரு தரப்பும் இந்தியாவில் இருக்கும் பரிவர்த்தனைக்குத்தான். இங்கே அதைக் காட்டிக் கேட்க முடியாது. காத்திருக்க வேண்டியதுதான்.

ஓடிபி ஏன் வரவில்லை என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். உள்நாட்டு ஆன்லைன் கார்டு செலவுக்குத்தான் அந்தக் கூடுதல் சரிபார்ப்பு அப்போது கட்டாயமாக இருந்தது. வெளிநாட்டுக் கடை கேட்காமலேயே எடுக்கலாம். வெளிநாட்டு உபயோகம் திறந்திருக்கும் கார்டில் இருக்கும் ஆபத்து இது. அவருக்கு அன்று வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான் என்று நினைத்தேன், அப்படியே சொன்னேன்.

மூன்றாவது, கடையின் உதவிப் பிரிவுக்கு அப்பா எழுத வேண்டும். கணக்கு அவர் பெயரில் இருக்கிறது. மகன் எழுதினால் அந்நியர் எழுதியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு முதலில் தயக்கம், மகன் செய்ததை எழுதினால் கணக்கு போய்விடுமோ என்று. மறைத்து எழுதினால் அவர்களிடம் இருக்கும் பதிவு இவரைப் பொய்யராகக் காட்டும் என்றேன். கடைசியில் உள்ளபடியே எழுதினார்: 2025 ஜனவரியில் சவுதியை விட்டு வந்துவிட்டேன், இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறேன், சவுதி நம்பர் இப்போது இல்லை, என் மகன் தவறான அமெரிக்க விலாசம் கொடுத்தான், கணக்கின் நாட்டை இந்தியா என்று மாற்ற வேண்டும். கூடவே பழைய ரசீதுகளின் எண்கள். கார்டின் முழு எண்ணையோ பின்னால் இருக்கும் மூன்று இலக்கத்தையோ எழுதவில்லை. உதவிப் பிரிவு எதுவும் அவற்றைக் கேட்கத் தேவையில்லை, கேட்டாலும் கொடுக்கக்கூடாது.

நான்காவது முடிவு என் தொழிலுக்கு நெருக்கமானது. இந்திய விலாசம் என்றால் எது? வங்கிப் பதிவில் இருக்கும் பாறசாலையா, குடியிருக்கும் களியக்காவிளையா? கார்டு விலாசம்தான் பில்லிங் அட்ரஸ் என்று மகன் எங்கோ படித்திருந்தான். அது பொதுவாகச் சரிதான். ஆனால் இந்த வீட்டில் வங்கி விலாசமே பழையது.

விலை மாறாது. கேரளம் என்றாலும் தமிழ்நாடு என்றாலும் 18 சதவீதம்தான், 1,999 ரூபாய்தான். ஆனால் வெளிநாட்டுக் கடை வசூலிப்பது ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி. அதில் பாதி மத்திய அரசுக்கும் மறுபாதி வாங்கியவர் இருக்கும் மாநிலத்துக்கும் போகும். 1,999 ரூபாயில் வரி 304 ரூபாய் 93 காசு, அதில் மாநிலப் பங்கு 152 ரூபாய் சொச்சம். எந்த மாநிலம் என்பதைக் கடை எங்கிருந்து தெரிந்துகொள்ளும்? நாம் கொடுக்கும் விலாசத்திலிருந்துதான். 2024 டிசம்பர் 31-இல் மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஜிஎஸ்டி பதிவு பெறாத வாடிக்கையாளருக்கு இணையச் சேவை விற்றால், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அவருடைய மாநிலத்தின் பெயரை இன்வாய்ஸில் எழுத வேண்டும். நம் ஊர் ரோட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சேர வேண்டிய பங்கு அது. 152 ரூபாய் என்று அதை அலட்சியமாக விட எனக்கு மனம் வராது. எல்லையோரத்தில் எத்தனை வீடுகள், எத்தனை சந்தாக்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே குடியிருக்கும் வீட்டு விலாசம், தமிழ்நாடு என்று முடிவு செய்தோம். அதே வாரம் அம்மா ஆதார் நகலோடு கிளைக்குப் போய் வங்கி விலாசத்தையும் மாற்ற எழுதிக் கொடுத்தார். ஆதாரில் ஏற்கெனவே களியக்காவிளை விலாசம்தான் இருந்தது.

பின்னர் நடந்தவை

உதவிப் பிரிவிலிருந்து முதலில் வந்தது எல்லோருக்கும் அனுப்பும் பொதுப் பதில். அப்பா அதே கடிதத்தை மறுபடி அனுப்பி, தனக்கு வேண்டியது நாடு மாற்றம் மட்டும்தான் என்று ஒரு வரி சேர்த்தார். இரண்டாவது பதில் ஒரு ஆள் எழுதியது. பழைய ரசீது விவரங்களைச் சரிபார்த்து, இந்திய போன் நம்பரைப் பதிய வைத்து, வாங்கும் வசதியைத் திறந்தார்கள். ஒரு நிபந்தனை: வாலட்டில் ரியால் இருக்கும்வரை நாட்டை மாற்ற முடியாது, அதைச் செலவழிக்க வேண்டும். அந்த நாற்பது ரியாலில் மகள் தனக்கு ஒரு புதிர் விளையாட்டை வாங்கிக்கொண்டாள். இரண்டு ரியாலுக்கும் குறைவான மீதியை விட்டுக்கொடுப்பதாக அப்பா எழுதிக் கொடுத்தார்.

நாடு இந்தியா என்று மாறியதும் விலைகள் ரூபாயில் வந்தன. யூபிஐ மூலம் பணம் கட்டும் வழியும் தெரிந்தது. சவுதிக் கணக்கில் அது எட்டிப் பார்த்ததே இல்லை. 1,999 ரூபாயை அப்பா தன் போனிலிருந்து கட்டினார். இன்வாய்ஸில் வரி 18 சதவீதம், மாநிலம் தமிழ்நாடு, குறியீடு 33. லீனில் நின்ற தொகை அதற்கு முன்பே அம்மாவின் கணக்குக்குத் திரும்பியிருந்தது, கட்டணம் ஏதும் பிடிக்கவில்லை.

இழப்பு இல்லாமல் முடியவில்லை. 2022-இல் வாங்கிய ஒரு கேமின் கூடுதல் பாகங்களை இந்தியப் பதிப்பு ஏற்கவில்லை. பிராந்தியம் வேறு என்று காட்டுகிறது. உதவிப் பிரிவு அதற்கு வழியில்லை என்று சொல்லிவிட்டது. வாங்கியது ரீஃபண்ட் காலத்தைத் தாண்டி வெகுநாளாகிவிட்டது.

என்ன மாற வேண்டும்

வளைகுடாவிலிருந்து நிரந்தரமாகத் திரும்புகிறவர்கள் எங்களிடம் வருவது பெரும்பாலும் வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்ஈ வங்கிக் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றுவது பற்றியும் வருமான வரி பற்றியும் கேட்கத்தான். இந்த விவகாரத்துக்குப் பிறகு நாங்கள் கூடவே ஒன்றைக் கேட்கிறோம்: அந்த நாட்டு நம்பரிலும் கார்டிலும் என்னென்ன ஆன்லைன் கணக்குகள் ஓடுகின்றன? சிம் உயிரோடு இருக்கும்போதே நம்பரை மாற்றிவிட வேண்டும், அது மிக முக்கியம். இந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஒருமுறை லாக்அவுட் ஆகியிருந்தால் செத்துப்போன சவுதி நம்பருக்கு ஓடிபி போயிருக்கும், கணக்கை மீட்பது இதைவிடப் பல மடங்கு கஷ்டமாகியிருக்கும். வாலட்டில் மீதி இருந்தால் அங்கிருந்து கிளம்பும் முன்பே செலவழிக்கலாம். நாடு மாற்றும் விதி கடைக்குக் கடை வேறு. சில கடைகளில் தொடங்கிய கணக்கின் நாட்டை மாற்றவே முடியாது, புதுக் கணக்குத்தான். அதைப் படித்துப் பார்க்காமல் புது கேம் எதையும் வாங்கக்கூடாது.

வீட்டில் இரண்டு ஏற்பாடுகள் வந்திருக்கின்றன. வெளிநாட்டு உபயோகம் அம்மாவின் கார்டில் அணைந்தே இருக்கும், கேமுக்குப் பணம் அப்பாவின் யூபிஐயிலிருந்து மட்டும். ரசீது மெயில்கள் இனி அப்பாவுக்கும் வரும்படி மகன் அமைத்திருக்கிறான்.

மகளுடைய போனில் இருக்கும் ஆப் கடைக் கணக்கு இன்னும் சவுதியிலேயே இருக்கிறது. அதில் ஓடும் ஒரு சந்தா முடிந்த பிறகுதான் நாட்டை மாற்ற முடியும். முடிந்ததும் நம்பர், விலாசம், பணம் கட்டும் வழி மூன்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.